அப்பா டச்சு இலக்கணம் படித்த ஒன்பது மாதங்கள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு கால்வாய்க் கரையின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது என் மாமியார் ஹன்னி போனில் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"உன் அப்பா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஒரு தவறுகூட இல்லை" என்றார்.

"நல்ல விஷயம்தானே?"

"தவறு இல்லாததுதான் சிக்கல். இந்த நாட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. என் உருளைக்கிழங்குச் செடிகளை விசாரிக்க வக்கீல் ஒருவர் வீட்டுக்கு வந்தது போல இருக்கிறது."

பனியில் செடிகள் கருகாமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று அப்பா கேட்டிருந்தார். அந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். ஹன்னி சிரித்துக்கொண்டே அதை எனக்குப் போட்டுக் காட்டினார். பாளையங்கோட்டையில் பால்காரர் மணியடிப்பது பின்னால் கேட்டது.

இந்த வாரத்தோடு எனக்கும் பாஸுக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். ஊரிலிருந்து கேட்பவர்கள் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், அரிசி கிடைக்குமா என்று கேட்கிறார்கள், டச்சு கஷ்டமா என்று கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில், என் அப்பா அதைப் படித்த கதைதான். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனி எழுதலாம்.

2

அப்பா பெயர் ஞானதுரை. பாளையங்கோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதினார். நாங்குநேரி, கொற்கைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் அவர் 'பத்திரக்கார அண்ணாச்சி'.

பத்திரத் தமிழ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்னார் மகன் இன்னார், இன்ன தேதியில், இன்ன நான்கு எல்லைக்குள் அடங்கிய நிலத்தை, இன்ன காரணத்தினால் என்று ஒரே வாக்கியம் இரண்டு பக்கம் போகும். விற்றாரா, கொடுத்தாரா, அடகு வைத்தாரா என்பது கடைசியில்தான் தெரியும். அப்பா அந்த வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்லி முடிப்பார்.

நான் சிவில் என்ஜினீயர். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்து நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஆற்றங்கரை ஊருக்கு வந்தேன். இங்கே என் பெயர் எஸ்தர் இல்லை, அப்பா பெயர்தான். எனக்கு இருந்தது முன்னெழுத்து மட்டும், இவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். ஆகவே வங்கியிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரும் என்னை 'திருமதி ஞானதுரை' என்பார்கள். 'ஞா' அவர்கள் வாயில் வராது. தொண்டையைக் காறிவிட்டு 'ஹ்னானா' என்று ஆரம்பிப்பார்கள். முதல் வருஷம் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் யாரோ அப்பாவைத்தான் தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

பாஸ் ஒரு தச்சன். ஜன்னல், கதவு செய்கிறவன். என் வாடகை வீட்டு ஜன்னல் மழையில் உப்பி மூட முடியாமல் போனபோது வீட்டுக்காரர் அனுப்பி வந்தான். நான் படித்த டச்சில் அவனிடம், "நேற்று நான் கூப்பிட்டேன் உங்களை" என்று சொன்னேன். அவன் ஜன்னலைக் கழற்றிக்கொண்டே, "நேற்று கூப்பிட்டேன் நான்" என்றான். நாளோ இடமோ வாக்கியத்தின் முன்னால் வந்துவிட்டால் வினைச்சொல் உடனே இரண்டாவதாக வர வேண்டும், 'நான்' ஒதுங்கி நிற்க வேண்டும். ஆறு மாத வகுப்பில் மண்டையில் ஏறாத விதி அன்றைக்கு ஏறியது. ஜன்னலுக்கு அவன் மூன்று தடவை வந்தான். அதில் ஒரு தடவை தேவையே இல்லை.

3

பாஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை, அப்பா சத்தம் போடவில்லை. "ஆளப் பாப்போம்" என்றார் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனை முடிந்து வந்த பிறகு, வீடியோவில் பேச ஏற்பாடு செய்தேன்.

பாஸுக்கு ஆங்கிலம் தெரியும். அப்பாவுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் பாஸ், "முக்கியமான விஷயம் பேசப் போகிறேன். என் மொழியில் பேசினால்தான் எனக்குச் சரியாக வரும். நீ மொழிபெயர்த்துச் சொல்" என்றான். சரி என்றேன்.

அவன் நேராக உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினான். "எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருந்தது. மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அது முறிந்துபோனதற்கு நானும் ஒரு காரணம். வேலை வேலை என்று வீட்டில் இல்லாமல் இருந்தேன். அவள் போய்விட்டாள். இதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அதை நினைத்துக்கொள்ளுங்கள்." இன்னும் நிறையச் சொன்னான். நான்கு நிமிஷம் இருக்கும். முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அம்மா புதுச் சேலை கட்டி, காமிராவுக்கு மிகப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தாள். எனக்கு எங்கள் உறவில் ஒரு அக்காவின் ஞாபகம் வந்தது. விவாகரத்தாகி வந்த அவளிடமிருந்து, சர்ச்சில் அவள் எடுத்துவந்த ஞாயிறு பள்ளி வகுப்பைப் பைய வாங்கிவிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, வகுப்பு மட்டும் போய்விட்டது. அதற்கு அம்மா எத்தனை நாள் வருத்தப்பட்டாள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் ரொம்ப மரியாதை வச்சிருக்காராம்ப்பா. என்னை நல்லாப் பாத்துக்கிடுவாராம்" என்றேன்.

பாஸ் அவர்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். அம்மா சிரித்தாள். அப்பா தலையை ஆட்டினார். பாஸ் பெருமூச்சு விட்டான். இவ்வளவு பெருந்தன்மையான மனுஷர்களா என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிறகு சொல்லிக்கொள்ளலாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன்.

ஐந்து நாள் கழித்து அப்பா கூப்பிட்டார்.

"எஸ்தரு, எனக்கு அந்த டச்சு இலக்கணம் ஏதாவது இருந்தா அனுப்பி வை."

"எதுக்குப்பா?"

"சம்பந்தியம்மா இருக்காங்கன்னு சொன்னேல்லா. நாளைக்கு அங்கன வந்தா அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா? எல்லாத்துக்கும் நீயே நடுவுல நின்னா எப்படி. பத்திரத்துல கட்சிக்காரரே மொழிபெயர்த்தா செல்லாதுட்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

4

நான் அனுப்பிய நூற்றைம்பது பக்கத்தை வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, அச்சடித்துச் சுருள்கம்பி போட்டு வாங்கி வந்தார். எனக்கு மத்தியான இடைவேளை பன்னிரண்டரைக்கு. அவருக்கு அது காப்பி நேரம். வாரத்தில் மூன்று நாள் பாடம் என்று முடிவாயிற்று.

முதல் பாடத்துக்கு மூன்று சொல் போதும் என்று வைத்துக்கொண்டேன். இக் என்றால் நான். கோம் என்றால் வருகிறேன். மோர்கன் என்றால் நாளைக்கு.

"இக் கோம் மோர்கன்" என்றேன். "நான் வருகிறேன் நாளைக்கு."

"வினை நடுவுல நிக்கி. சரி. நாளைக்குன்னு ஆரம்பிச்சா?"

"மோர்கன் கோம் இக்."

அப்பா எழுதிப் பார்த்தார். "அப்பவும் வினை ரெண்டாவது எடத்துலதான் இருக்கு. ஆளுதான் எந்திரிச்சு எடம் மாறுதான்."

"ஆமாப்பா. அதுதான் பெரிய விதியே."

"கேள்வி கேட்டா?"

"கோம்ட் யூ மோர்கன்? நீங்கள் நாளைக்கு வருகிறீர்களா?"

"கேள்வின்னா வினை வாசலுக்கே வந்து நிக்கி. சரி. காரணம் சொன்னா?"

"ஓம்டாட்னு ஒரு சொல்லுப்பா. அது வந்தா வினை கடைசிக்குப் போயிரும். ஓம்டாட் இக் மோர்கன் கோம்."

அப்பா அதையும் எழுதினார்.

"நான், நாளைக்கு, வருதேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "இது நம்ம வரிசைல்லா. அப்ப இந்த டச்சுக்காரன் காரணம் சொல்லும்போது மட்டும் நம்மள மாதிரி பேசுதான்."

அன்றிலிருந்து அப்பா எதைச் சொன்னாலும் ஓம்டாட் போட்டுத்தான் சொன்னார். வெயில் அடிப்பதால், மின்சாரம் போனதால், உன் அம்மா கூப்பிடுவதால். காரணம் மட்டும் வரும், காரியம் வராது. "அப்பா, இது பாதி வாக்கியம்" என்பேன். "மீதிய நாளைக்குச் சொல்லுதேன்" என்பார்.

சில வினைச்சொற்கள் இரண்டாகப் பிரிந்து ஒரு துண்டு நடுவிலும் இன்னொரு துண்டு கடைசியிலும் போய் உட்காரும் என்று சொன்னபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்க சொல்லை வெட்டி, தலைய வாசல்லயும் வால கொல்லையிலயும் வைக்கான்" என்றார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால், இங்கிலீஷ் 'தி' வருகிற இடத்தில், 'ட' போடுவதா 'ஹெட்' போடுவதா என்பதற்குப் பெரும்பாலும் விதி இல்லை, மனப்பாடம்தான் என்றதும் பேனாவையே கீழே வைத்துவிட்டார். ஆனால் இங்கிலீஷைப் போல் எல்லோருக்கும் ஒரே சொல் இல்லை, நீ என்றும் நீங்கள் என்றும் டச்சில் தனித்தனியாக இருக்கிறது என்று தெரிந்ததும் சமாதானமானார். "மனுஷன் மொழி" என்றார்.

நான் அவருக்கு நிகழ்காலம் சொல்லிக்கொடுத்தேன். எதிர்காலம் சொல்லிக்கொடுத்தேன். வேண்டும், முடியும், கூடாது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இறந்தகாலத்தை மட்டும் தொடவில்லை. அது என் தந்திரம். நடந்ததைக் கேட்கத் தெரியாவிட்டால் நடந்தது வெளியே வராது என்று நினைத்தேன்.

"இறந்தகாலம் எப்ப எடுக்கப் போற?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கல்யாணத்துல இறந்தகாலம் எதுக்குப்பா? பெறவு பாத்துக்கிடலாம்."

"அதுவும் சரித்தான்" என்றார்.

இதற்கு நடுவில் என் தமிழ் கெட்டுக்கொண்டிருந்தது. "நான் போறேன் நாளைக்கு ஆம்ஸ்டர்டாமுக்கு" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். பின்னாலிருந்து அப்பா குரல் கேட்டது. "பாக்கியம், உன் மகளுக்கு வினை முன்னால வருது பாரு."

5

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். காகிதங்களோடு பட்ட பாடு பெரிய பாடு. என் பிறப்புச் சான்றிதழைச் சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்பி முத்திரை வாங்கி, அதை இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு நகராட்சியில் கொண்டுபோய் வைத்தால், கவுன்டரில் இருந்த பெண்மணி, "உங்கள் குடும்பப் பெயர் ஞானதுரை. உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?" என்றார். அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர் தேவசகாயம் பின்னால் இருந்தது. அப்பா கவுன்டரில் முழங்கையை ஊன்றி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "எங்களிடம் குடும்பப் பெயர் இல்லாததால், மகள் அப்பாவின் பெயரை வைத்துக்கொள்வதால்" என்று இரண்டு காரணம் சொல்லி நிறுத்தினார். காரியம் வரும் என்று அந்தப் பெண்மணி காத்திருந்தார். வரவில்லை. ஆனாலும் புரிந்துகொண்டு முத்திரை குத்தினார்.

அன்று வீட்டில் அப்பாவின் பையை ஒதுங்க வைக்கும்போது அந்தச் சுருள்கம்பிப் புத்தகத்தைப் பார்த்தேன். நான் எடுக்காத இறந்தகாலப் பாடம் பன்னிரண்டு பக்கத்திலும் பென்சில் குறிப்பு. ஓரங்களில் பயிற்சி எழுதியிருந்தார். பையை மூடிவிட்டு வெளியே வந்தேன். பாஸிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹன்னி வீட்டுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, பின்னால் கோழிக்கூடும் காய்கறித் தோட்டமும் உள்ள வீடு. ஹன்னி புருஷன் இறந்து பத்து வருஷம், தனியாக இருக்கிறார். அப்பா முதல் வாக்கியத்திலேயே 'நீங்கள்' போட்டுப் பேச, ஹன்னி, "நீ என்றே சொல்லுங்கள், நாம் குடும்பம்தானே" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மாவ நீன்னு சொல்லுததா? அந்த விதி எனக்கு வேண்டாம்" என்றார்.

காப்பி வந்தது. பாஸ் கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்யப் பின்னால் போனான். அம்மா, ஹன்னி பின்னிய மேஜைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எஸ்தரு, நான் இப்ப இவங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். நீ இங்கனயே இரு. ஆனா வாய் தொறக்கக் கூடாது."

பிறகு ஹன்னியைப் பார்த்து டச்சில் கேட்டார். "அம்மா, நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

ஒவ்வொரு சொல்லும் இடத்தில் இருந்தது. நிலம் வாங்க வருகிறவர் விற்கிறவரிடம், வில்லங்கம் ஏதாவது இருக்கா என்று கேட்பாரே, அதே கேள்வி.

ஹன்னி யோசித்தார். ஒளிக்க வேண்டும் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. "பாஸ் முன்பு கல்யாணமானவன்" என்றார், அப்பாவுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி. "அதுதான் உங்களுக்குத் தெரியுமே?"

"கல்யாணமானவனா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். கல்யாணத்துக்கான சொற்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

"ஆமாம். மூன்று வருஷம். அவள் போய்விட்டாள். அவன் ரொம்ப நாள் கஷ்டப்பட்டான். இப்போது நன்றாக இருக்கிறான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேஜைத் துணியைப் பார்த்தேன். "நன்றி" என்று ஹன்னியிடம் டச்சில் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார்.

"என்ன சொல்லுதாங்க?" என்றாள் அம்மா.

"வீட்டுல போய்ச் சொல்லுதேன்."

திரும்பும்போது காரில் பாஸ் மட்டும் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

6

அன்று சாயந்திரம் அப்பா கதவை மூடிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். அம்மா வெளியே வந்து என்னோடு பேசாமல் வெங்காயம் உரித்தாள். மறுநாள் காலையில் அப்பா, "வா, அந்த ஆத்துப் பக்கம் நடந்துட்டு வருவோம்" என்றார்.

ஐசல் ஆறு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சரக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம ஆத்தைவிட அகலந்தான். ஆனா குளிக்க ஒரு ஆளு இல்ல" என்றார். பிறகு அதே குரலில் தொடர்ந்தார்.

"மொதல்ல அவன் போன்ல பேசுனான்ல்லா. நாலு நிமிஷம் பேசுனான். நீ ரெண்டு வரி சொன்ன. டச்சு ரொம்பச் சுருக்கமான மொழி இல்ல போலன்னு நெனச்சேன், நம்ம தமிழ்ல அடங்கிருது போலன்னு நெனச்சேன். பெறவு படிக்க ஆரம்பிச்சா, அவன் நாலு வார்த்தைல சொல்லுததுக்கு நமக்கும் நாலு வார்த்தை வேணும்."

"அதுக்காகத்தான் படிச்சீங்களாப்பா?"

"அதுக்கும்தான்."

நான் எங்கள் உறவுக்கார அக்காவைப் பற்றிச் சொன்னேன். அம்மாவை நினைத்துப் பயந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் ஓம்டாட் ஓம்டாட் என்று காரணமாகவே அடுக்கிக்கொண்டு போவது எனக்கே கேட்டது. அப்பா முழுவதும் கேட்டார்.

"அவன் மொதல்ல ஒருத்தியக் கெட்டுனது அவன் கதை. அதை அவன் ஒளிக்கல. மொத நாளே சொல்லிருக்கான். எழுதப் படிக்கத் தெரியாதவங்க என் முன்னால வந்து உக்காருவாங்க எஸ்தரு. அவங்க சொல்லுவாங்க, நான் எழுதுவேன். நான் எழுதுனத நம்பித்தான் கைநாட்டு வைப்பாங்க. நாப்பது வருஷத்துல ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தைய நான் விட்டதில்ல. அன்னைக்கு நானும் உங்கம்மாவும் உன் முன்னால அப்படித்தான் உக்காந்திருந்தோம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் தடுக்கவில்லை. ஒரு படகு போய் முடியும்வரை நின்றார்.

"மாப்ளைக்குத் தெரியுமா, நீ மாத்திச் சொன்னது?"

"தெரியாதுப்பா."

"மொதல்ல அவன்கிட்ட சொல்லு. எங்ககிட்ட மன்னிப்புக் கேக்கதெல்லாம் பெறவு."

பட்டறையில் போய்ச் சொன்னேன். பாஸ் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் இந்த ஒன்பது மாதமும் உன் அப்பா சிரித்தது என்னைப் பார்த்து இல்லையா? வேறு ஒருவனைப் பார்த்தா?" என்று கேட்டான். அவன் இரண்டு நாள் ஹன்னி வீட்டில் போய் இருந்தான். கல்யாணம் நடக்குமா என்று எனக்கே தெரியாத இரண்டு நாள் அவை. அம்மா அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பாஸ் வந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக அப்பாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். "முதல் நாள் சொன்னதைத் திரும்பச் சொல்லப் போகிறேன். மெதுவாகச் சொல்கிறேன். புரியாவிட்டால் நிறுத்துங்கள்" என்றான். அப்பா அகராதியையும் கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டார். நானும் அம்மாவும் சமையலறைக்குப் போனோம்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாஸ் பேசுவதும், அப்பா நிறுத்துவதும், பக்கம் புரளுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊர்ல, சர்ச்சுல கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள் அம்மா. மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

"தெரியலம்மா."

"ஒனக்குத் தெரியாது. ஒளிக்க மட்டும் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு, "அந்த உளுந்த எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா வந்தார். "முடிஞ்சுதாப்பா?" என்றேன்.

"முடிஞ்சுது. ஒரு எடத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஸ்பைட்னு ஒரு சொல்லு. அகராதில வருத்தம்னு போட்டிருக்கு. வெறும் வருத்தமா, இல்ல நான் தப்புப் பண்ணிட்டேங்கிற வருத்தமான்னு கேட்டேன். ரெண்டாவதுன்னான்." தண்ணீர் எடுத்துக் குடித்தார். "உள்ளதச் சொல்லுதான். எனக்குப் போதும். பாக்கியம், சர்ச்சுல கேட்டா நீயும் உள்ளதையே சொல்லு."

ஊருக்குப் போனதும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் பேச்சு ஓடியது. பிறகு சர்ச்சில் சபைத் தேர்தல் வந்தது, பேசுவதற்கு அது கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு இன்றைக்கும் முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாஸுக்கு முறுக்கு அனுப்புகிறாள், எனக்குத் தனிப் பொட்டலம் இல்லாமல். என் வீட்டில் நான் இப்போது யாருக்கும் மொழிபெயர்ப்பதில்லை. கேட்டால், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று எழுந்து போய்விடுவேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

7

கல்யாணம் நகராட்சி மண்டபத்தில். இருபது பேர் இருக்கும். நடத்திவைக்கும் அதிகாரி ஒரு பெண்மணி. எல்லாம் டச்சில்தான் நடக்கும், மணப்பெண்ணின் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, "வேண்டாம், நன்றி. நான் இருக்கிறேன்" என்றார்.

சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் அப்பாதான். ஆயிரக்கணக்கான பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தவர், தன் முறை வந்ததும் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொறுத்துக்கொண்டார். பாளையங்கோட்டை என்ற ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை விரலால் காட்டினார். மாற்றி அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் எழுந்து கைகால் நீட்டிக்கொண்டார்கள், ஹன்னி மட்டும் மிகவும் ரசித்தார்.

அதன் பிறகு பாஸ் தன் சொந்த வார்த்தையில் உறுதி சொல்ல வேண்டும். காகிதம் எதுவும் அவன் கையில் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். முதல் வரிசையில் அப்பா அம்மாவின் காதுப் பக்கம் சாய்ந்து, அவன் ஒவ்வொரு சொல் சொல்ல அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாஸின் வாக்கியம் நீளமாக இருந்தது. இரண்டு குரலும் எனக்குக் கேட்டன.

"நான் உறுதி கொடுக்கேன்" என்றார் அப்பா. "நான் உன்னை ஒருபோதும்..."

பாஸ் போய்க்கொண்டே இருந்தான்.

"களைச்சுப்போயி வந்தாலும்... வேலை தலைக்கு மேல இருந்தாலும்... நமக்குள்ள சண்டை வந்தாலும்... சண்டையில நீ சொல்லுததே சரியா இருந்தாலும்..."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஒருபோதும் என்னது?" அம்மாவின் குரல் கிசுகிசுப்பைத் தாண்டிவிட்டது. "என்ன சொல்லுதான் அவன்?"

"பொறு" என்றார் அப்பா. "வினை இன்னும் வரல."

பாஸ் கடைசி இரண்டு சொல்லைச் சொன்னான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், அதற்கு மேல் சாய்ந்து பேச வேண்டியிருக்கவில்லை.

"தனியா விடமாட்டானாம்" என்றார்.